பி.ஏ.வுக்குப் பக்கத்தில் நின்ற அந்த ‘எல்.டி.’

கேள்வி இதுதான்: பழைய பள்ளிக்கூட ஆண்டு மலர் ஒன்றில் தலைமையாசிரியர் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ., எல்.டி.’ என்று போட்டிருக்கிறது. எல்.டி. என்றால் ‘லைசென்ஷியேட் இன் டீச்சிங்’ என்கிறார்கள். வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், சரி. பாடம் நடத்தவும் லைசென்ஸா? பட்டமும் லைசென்ஸும் வேறு வேறு இல்லையா?

இன்றைக்கு வேறு வேறுதான். ஆனால் ஐரோப்பாவில் பட்டம் என்ற ஒன்று உருவான காலத்தில் லைசென்ஸ்தான் பட்டம். ‘இவன் நன்றாகப் படித்தவன்’ என்று சான்று சொல்வதற்காக அது பிறக்கவில்லை. ‘இவன் இனிமேல் பாடம் சொல்லலாம், யாரும் தடுக்க வேண்டாம்’ என்ற அனுமதியாகத்தான் பிறந்தது. அந்தத் தலைமையாசிரியர் பெயரில் பி.ஏ.வை விட எல்.டி.தான் பழைய சரக்கு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘லிசெத்’ என்றால் ‘செய்யலாம், தடையில்லை’. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘லிசென்சியா’. ரோமானியர்களுக்கு இந்தச் சொல்மீது கொஞ்சம் சந்தேகம் உண்டு. ‘லிபெர்தாஸ்’ என்பது மதிப்புள்ள சுதந்திரம். லிசென்சியா என்பது இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம். சிசரோ போன்றவர்கள் அதைப் பெரும்பாலும் அந்தத் தொனியில்தான் எழுதினார்கள். இலக்கணத்தை மீறக் கவிஞனுக்கு இருக்கும் உரிமைக்கும் இதே சொல்தான். நம் இலக்கணத்தில் வழுவமைதி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆக, அந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று, மேலே இருப்பவர் கொடுக்கும் அனுமதி. இன்னொன்று, அனுமதி இல்லாமலே எடுத்துக்கொள்ளும் துணிச்சல். கல்வி வரலாற்றுக்குள் வந்தது முதலாவது. ஆனால் இரண்டாவது அடிக்கடி எட்டிப் பார்த்தது.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வட பகுதியில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் பேராலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடம். ஆயர், அதாவது பிஷப், பொறுப்பில் இருக்கும் அந்தப் பள்ளியை அவர் சார்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். சில ஊர்களில் அவருக்குப் பெயர் ஸ்கொலாஸ்டிகுஸ், பாரிஸில் சான்சலர். முதலில் அவரே பாடம் நடத்தினார். மாணவர் கூட்டம் பெருகியதும் வேறு ஆட்கள் பாடம் சொல்ல முன்வந்தார்கள். அந்த மறைமாவட்டத்துக்குள், அதாவது ஆயரின் ஆளுகைப் பகுதிக்குள், யார் பாடம் சொல்லலாம், யார் கூடாது என்று முடிவுசெய்யும் வேலை சான்சலருக்கு வந்து சேர்ந்தது. அவர் கொடுத்த அனுமதிக்குப் பெயர் ‘லிசென்சியா தொசெந்தி’, பாடம் சொல்லும் லைசென்ஸ். எல்.டி.யை அப்படியே லத்தீனில் சொன்ன மாதிரி இருக்கிறதல்லவா?

இந்த அனுமதியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பேதுரு அபெலார் அந்தக் காலத்துத் தர்க்கப் புலி. 1121-இல் சுவாசோன் நகரத்துச் சபையில் அவரை நிறுத்தி அவர் நூலை அவர் கையாலேயே நெருப்பில் போட வைத்தார்கள். அவர்மேல் எதிரிகளுக்கு இருந்த கோபங்களில் ஒன்று, தகுந்த ஆசானிடம் கற்றுத் தேறாமல் இறையியல் பாடம் சொல்லத் துணிந்தான் என்பது. எழுதியது சரியா தப்பா என்ற கேள்வி ஒரு பக்கம். உன்னை யார் பேசச் சொன்னது என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

அனுமதி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தால் அங்கே கை நீட்டும் வேலையும் தொடங்கிவிடும். சான்சலர்கள் லைசென்ஸுக்குக் காசு கேட்டார்கள். திருச்சபையின் பார்வையில் இது சாதாரண லஞ்சத்தை விட மோசம். அறிவு கடவுள் கொடுத்தது, அதை விற்க முடியாது என்பது அன்றைய சட்ட வாக்கியம். 1179-இல் திருத்தந்தை (போப்) மூன்றாம் அலெக்சாண்டர் ஆயர்களை அழைத்துக் கூட்டிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் தன் 18-ஆவது விதியில் இதைக் கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும். அவர் குருமாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் இலவசமாகச் சொல்லித்தர வேண்டும். லைசென்ஸுக்குக் காசு வாங்கக் கூடாது. தகுதியுள்ளவன் கேட்டால் மறுக்கவும் கூடாது.

கடைசி இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை லைசென்ஸ் என்பது சான்சலரின் தயவு. மனசு வந்தால் கொடுப்பார். ‘தகுதியுள்ளவனுக்கு மறுக்கக் கூடாது’ என்று எழுதிய பிறகு அது கேட்பவனின் உரிமையாகிவிட்டது. அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்: தகுதி இருக்கிறது என்று யார் சொல்வது? தேர்வு வேண்டும். தேர்வு வைக்க விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் யார்? ஏற்கெனவே பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள்.

பாரிஸில் அந்த ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. தச்சர், தட்டார், நெசவாளர் போலத் தங்களுக்கும் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ‘உனிவெர்சிதாஸ்’ என்ற சொல்லுக்கு அப்போது அவ்வளவுதான் பொருள்: ஒன்றாகச் சேர்ந்தவர்களின் கூட்டு. சங்கம் என்றால் புது ஆளைச் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் அவர்கள் கையில். அதனால் பாரிஸில் ஒருவன் ஆசிரியனாக வேண்டுமென்றால் இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். சான்சலர் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். பிறகு சங்கம் அவனைத் தன்னில் ஒருவனாக ஏற்றுத் தலையில் குல்லா வைக்க வேண்டும். அன்றைக்கு அவன் தன் முதல் பாடத்தை எல்லோர் முன்னாலும் நடத்துவான். அந்தச் சடங்குக்குப் பெயர் ‘இன்செப்சியோ’, தொடக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பு முடிகிற நாளை ‘கமென்ஸ்மென்ட்’ என்கிறார்களே, முடிவுக்கு ஏன் தொடக்கம் என்று பெயர் என்று யோசித்திருந்தால் விடை இது. மாணவனாக இருந்தது முடிந்தது, ஆசிரியனாக இருப்பது தொடங்கியது.

இரண்டு கதவுக்கும் இரண்டு காவல்காரர்கள். சண்டை வராமல் இருக்குமா? சான்சலர் தனக்குப் பிடித்தவனுக்கு லைசென்ஸ் கொடுத்தால் சங்கம் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. சங்கம் பரிந்துரைத்தவனுக்குச் சான்சலர் லைசென்ஸை இழுத்தடிப்பார். 1213 வாக்கில் ஓர் உடன்பாடு வந்தது: ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் தகுதி என்று சொன்னால் சான்சலர் மறுக்கக் கூடாது. 1215-இல் திருத்தந்தையின் தூதர் ராபர்ட் கூர்சோன் வயது வரம்பும் வைத்தார். கலைப் பாடம் நடத்த 21 வயதும் 6 ஆண்டுப் படிப்பும் வேண்டும். இறையியல் என்றால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். இது போக, ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த செயின்ட் ஜெனவியேவ் மடத்துத் தலைவரும் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கினார். சான்சலர் முரண்டு பிடித்தால் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போய்விடலாம். போட்டிக் கடை திறந்தால் பழைய கடைக்காரர் குரல் தணிவது எந்த ஊரிலும் உள்ளதுதான்.

1229-இல் நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா நாள்களில் சில மாணவர்கள் புறநகர்ச் சாராயக் கடை ஒன்றில் குடித்துவிட்டுக் கணக்கில் தகராறு செய்தார்கள். அடிதடியானது. மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து கடையை நொறுக்கினார்கள். அரசாங்கம் அனுப்பிய வீரர்கள் சம்பந்தமில்லாத மாணவர்கள் சிலரைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரியர் சங்கம் பாடத்தை நிறுத்தியது. ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஊரைவிட்டே கிளம்பிப் போனார்கள். அந்த ஆண்டுதான் தெற்கே துலூஸில் புதுப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாகியிருந்தது. துலூஸ்காரர்கள் உடனே ஓர் அழைப்புக் கடிதம் சுற்றுக்கு விட்டார்கள்: பாரிஸில் தடைசெய்யப்பட்ட அரிஸ்டாட்டில் நூல்களை இங்கே வந்து கேட்கலாம், மதுவும் மலிவு. இன்றைய கல்லூரி விளம்பரங்கள் இதைவிடப் பெரிதாக எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. கடைசியில் 1231-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி தலையிட்டு ஆசிரியர்களுக்குப் பாடத்தை நிறுத்தும் உரிமையை எழுதிக் கொடுத்தார். சான்சலர் பதவியேற்கும்போதே தகுதியுள்ளவர்களுக்குத்தான் லைசென்ஸ் கொடுப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் வைத்தார்.

அந்தச் சான்சலர் தேர்வு மாணவர்களை எவ்வளவு ஆட்டி வைத்தது என்பதற்கு ராபர்ட் சொர்போன் சாட்சி. இன்றும் சொர்போன் என்று பெயர் வழங்கும் கல்லூரியைத் தொடங்கியவர் அவர். உலக முடிவு நாளின் தீர்ப்பையும் பாரிஸ் சான்சலரின் தேர்வையும் ஒப்பிட்டு மாணவர்களுக்கு எழுதியிருக்கிறார். சான்சலரிடம் தோற்றவன் அடுத்த வருஷம் திரும்ப வரலாம், அங்கே தோற்றால் தோற்றதுதான் என்பது அவர் சொன்ன வேறுபாடுகளில் ஒன்று. அரியர் என்ற சலுகை 13-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

இத்தாலியில் போலோஞா வேறு மாதிரி ஊர். அங்கே சட்டம்தான் பெரிய படிப்பு. சங்கம் வைத்தவர்கள் மாணவர்கள். ஆசிரியர்களைக் கூலிக்கு அமர்த்தியவர்களும் அவர்களே. ஆனால் தேர்வு மட்டும் ஆசிரியர்கள் கையில் இருந்தது. 1219-இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அங்கும் ஒரு திருச்சபை அதிகாரியை நுழைத்தார்: போலோஞா பேராலயத்தின் தலைமைத் திருத்தொண்டர் லைசென்ஸ் கொடுக்காமல் இனி யாரும் டாக்டர் ஆக முடியாது.

போலோஞாவில் தேர்வு இரண்டு கட்டம். முதலாவது, மூடிய அறையில் நடப்பது. உண்மையான தேர்வு அதுதான். காலையில் சட்டப் பகுதிகளைக் குறித்துக் கொடுப்பார்கள். படித்துவிட்டு வந்து டாக்டர்கள் முன்னால் விளக்க வேண்டும். அதில் தேறினால் லைசென்ஸ் கிடைத்துவிடும், ஆள் ‘லிசென்சியாதுஸ்’. இரண்டாவது, பேராலயத்தில் ஊரறிய நடக்கும் விழா. ஊர்வலம், உரை, வாதம், பிறகு அடையாளங்கள்: நாற்காலியில் உட்கார வைப்பார்கள், கையில் புத்தகம் கொடுப்பார்கள், விரலில் மோதிரம் போடுவார்கள், தலையில் குல்லா வைப்பார்கள், முத்தம் கொடுத்து வரவேற்பார்கள். தமிழில் இதற்குப் பட்டம் என்ற சொல் வந்தது நல்ல பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் தகடு. ‘பட்டம் கட்டினார்கள்’ என்றால் தலையில் ஏதோ ஏறியது என்று பொருள். அங்கே தலையில் ஏறியது குல்லா.

சிக்கல் என்னவென்றால், விதிப்படி லைசென்ஸ் வேண்டுமானால் இலவசம். விழா இலவசம் இல்லை. டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் துணிமணி, கையுறை, விருந்து, பரிசு என்று கல்யாணச் செலவு. செலவு எங்கே போய் நின்றதென்றால் 1311-இல் வியன் நகரில் தொடங்கிய பொதுச்சங்கக் காலத்துச் சட்டம் ஒன்று, டாக்டர் ஆகிறவன் விழாவுக்கு 3,000 வெள்ளிக் காசுக்கு மேல் செலவழிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்ய வேண்டும் என்றது. வெளிநாட்டிலிருந்து வந்த ஏழை மாணவன் என்ன செய்வான்? முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். படிப்பில் அவனுக்கும் டாக்டருக்கும் வேறுபாடு இல்லை. விருந்து போடவில்லை, அவ்வளவுதான். லைசென்ஷியேட் என்பது தனி நிலையாகத் தங்கிப்போனதற்கு இது முக்கியமான காரணம்.

இன்னொன்று, லைசென்ஸ் எந்த ஊர் வரை செல்லும்? முதலில் அந்த மறைமாவட்டம் வரைதான். 1233-இல் திருத்தந்தை துலூஸ்காரர்களுக்கு ஒரு வரம் கொடுத்தார்: அங்கே தேறியவன் எங்கே போனாலும் மறுதேர்வு இல்லாமல் பாடம் சொல்லலாம். ‘எங்கும் பாடம் சொல்லும் உரிமை’ என்ற இது பிறகு பல்கலைக்கழகம் என்பதற்கே அடையாளம் ஆகிவிட்டது. போலோஞாவும் பாரிஸும் எங்களுக்கா இது தேவை என்ற மிதப்பில் இருந்துவிட்டு, 1291, 1292 ஆண்டுகளில்தான் எழுத்தில் பெற்றுக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அது எழுத்தில் கிடைக்கவே இல்லை. ஏட்டில் உலகம் முழுக்கச் செல்லும் லைசென்ஸ், நடைமுறையில் அப்படியில்லை: பாரிஸ் பெரும்பாலும் வெளியாள்களை மறுபடி தேர்வு வைத்தே சேர்த்தது, ஆக்ஸ்ஃபோர்டும் பதிலுக்கு அதையே செய்தது.

பேச்சிலர், மாஸ்டர், டாக்டர் என்ற வரிசையைப் பற்றியும் சுருக்கமாக. மாஸ்டரும் டாக்டரும் தொடக்கத்தில் ஒன்றுதான்; இரண்டுக்கும் ஆசிரியன் என்றே பொருள். பாரிஸில் கலைப் பாடக்காரர்கள் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், போலோஞா சட்டக்காரர்கள் இரண்டாவதை. பேச்சிலர் என்பவன் அரைகுறைப் பயிற்சிக்காரன்: இன்னும் மாணவன், ஆனால் ஆசிரியர் மேற்பார்வையில் கொஞ்சம் பாடம் சொல்லலாம். அந்தச் சொல் முன்பு சொந்தக் கொடி இல்லாத இளம் குதிரைவீரனையும் குறித்தது. கல்யாணமாகாதவன் என்ற பொருள் அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் வீடு தேடி அலைகிற பேச்சிலர் அவன்தான். டிகிரி என்ற சொல்லுக்கு வேர் ‘கிரதுஸ்’, படிக்கட்டு. பேச்சிலர் முதல் படி, லைசென்ஸ் அடுத்த படி, குல்லா உச்சி.

பட்டம் என்றால் அனுமதி என்பது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 17-ஆம் நூற்றாண்டின் பதுவா. வெனிஸ் பிரபுக் குடும்பத்துப் பெண் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா, பல மொழி கற்றவர், இறையியலில் டாக்டர் பட்டம் கேட்டார். பதுவா ஆயர் கிரகோரியோ பர்பரிகோதான் பல்கலைக்கழகச் சான்சலர். அவர் முடியாது என்றார். அந்தப் பெண்ணுக்கு இறையியல் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. இறையியல் டாக்டர் என்றால் இறையியல் போதிக்க உரிமை பெற்றவர். பெண் அதைப் போதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கடைசியில் தத்துவத்தில் கொடுக்கச் சம்மதித்தார்கள். 1678 ஜூன் 25 அன்று கூட்டம் தாங்காமல் தேர்வைப் பேராலயத்தில் வைத்தார்கள். எலெனா புத்தகம், மோதிரம், தோளாடை, லாரல் இலைமுடி என்று எல்லா அடையாளங்களும் பெற்று, தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். வெறும் படிப்புச் சான்றாக மட்டும் பட்டம் இருந்திருந்தால் ஆயருக்கு மறுக்க ஒரு காரணமும் இருந்திருக்காது.

அதே பதுவாவில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. 1564-இல் திருத்தந்தை நான்காம் பயஸ், பட்டம் பெறுகிறவர்கள் கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்று ஆணையிட்டார். பதுவாவின் மருத்துவப் படிப்புக்கு யூதர்களும் புராட்டஸ்டன்ட் ஜெர்மானியர்களும் ஏராளமாக வந்துகொண்டிருந்தார்கள். வெனிஸ் குடியரசு வியாபாரி அரசு. வருகிற வாடிக்கையை விரட்டுமா? 1616-இல் தன் அதிகாரத்திலேயே பட்டம் கொடுக்கும் ஒரு தேர்வுக் குழுவை அமைத்தது. ஆயர் தேவையில்லை, அறிக்கையும் தேவையில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533-இல் ரோமோடு முறித்துக்கொண்டபோது, திருத்தந்தையின் அனுமதி வழங்கும் அதிகாரங்கள் சட்டம் மூலம் கேன்டர்பரி பேராயருக்கு மாறின. அதில் பட்டம் கொடுக்கும் அதிகாரமும் அடக்கம். இன்றும் அந்தப் பேராயர் அந்தச் சட்டத்தை வைத்துப் பட்டம் கொடுக்கிறார். லாம்பெத் பட்டம் என்று பெயர்.

லைசென்ஸ் என்ற சொல் ஐரோப்பாவில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பிரான்ஸில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பெயரே ‘லிசான்ஸ்’. மெக்சிகோவில் வக்கீலை ‘லிசென்சியாதோ’ என்று கூப்பிடுவார்கள். ரோமின் திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் லைசென்ஷியேட் இன்றும் டாக்டருக்கு முந்தைய படி, பழைய இடத்திலேயே. ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் பல்கலைக்கழகத்தில் தன் பொறுப்பில் பாடம் நடத்தத் தனியாக ‘வெனியா லெகெந்தி’ என்று ஓர் அனுமதி உண்டு. டாக்டர் என்றாலே ஆசிரியன் என்பது மறந்துபோய், அதே அனுமதியை மறுபடி வேறு பெயரில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது சென்னைக்கு வருவோம். நமக்கு இந்தச் சொல் ரோமிலிருந்தோ பாரிஸிலிருந்தோ நேராக வரவில்லை. இங்கிலாந்து வழியாக வந்தது, வழியில் மதிப்பு இறங்கிவிட்டது. லண்டனில் 1518-இல் அமைந்த மருத்துவர் கல்லூரியில் ஃபெல்லோ என்ற மேல் வகுப்பு, நெடுங்காலம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்தவர்களுக்கென்றே இருந்தது. மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும் தொழில் செய்ய அனுமதி மட்டும், அவர்கள் லைசென்ஷியேட். அப்படித்தான் ‘எல்’ எழுத்து, பட்டத்துக்கு ஒரு படி குறைந்தது என்ற நிறம் பெற்றது. அந்த நிறத்தோடு அது இங்கே இறங்கியது. பழைய ராயபுரம் மருத்துவப் பள்ளியில், அதாவது இன்றைய ஸ்டான்லியில், படித்து வந்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள்; அந்த ‘எல்’லும் லைசென்ஸ்தான். எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஒரு மாற்றுக் குறைவு என்று ஊர் பேசும். ஆனால் ராத்திரி பிரசவத்துக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டால் வந்தவர்களில் அவர்கள் நிறையப் பேர்.

எல்.டி.யும் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். பி.ஏ. முடித்தவர்கள் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி பெற்று அதை வாங்கினார்கள். பி.ஏ. என்பது பேச்சிலர், அரைகுறைப் பயிற்சிக்காரன். அதற்கு மேல் லைசென்ஸ், பாடம் சொல்லும் அனுமதி. தலைமையாசிரியர் பெயருக்குப் பின்னால் இருந்த வரிசை, 13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரன் பார்த்தால் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்ளும் வரிசை. குல்லா எங்கே என்று மட்டும் கேட்டிருப்பான்.

அப்புறம் எல்.டி. போய் பி.டி., அதாவது ‘பேச்சிலர் ஆஃப் டீச்சிங்’, வந்தது, பி.டி. போய் பி.எட். வந்தது. ‘எல்’ஐ எடுத்துவிட்டு ‘பி’ போட்டதை இங்கே எல்லோரும் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார்கள். போலோஞாவில் அறைக்கதவு திறந்து வெளியே வந்த ஒரு லிசென்சியாதுஸிடம் ‘உன்னைப் பேச்சிலர் ஆக்கிவிட்டோம்’ என்று சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பான். பி.எட். வந்து இத்தனை காலம் ஆகியும் நம் அரசுப் பள்ளி ஆசிரியர் அறையில் பட்டதாரி ஆசிரியரை ‘பி.டி. அசிஸ்டென்ட்’ என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.